அத்தானின் மூன்றாம் பாடம்

அத்தானின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் மூன்று தட்டு நிறையப் புத்தகங்கள் இருக்கும். அவருடைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் மறந்திருந்தாலும் அந்தப் புத்தகங்கள் மறந்திருக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை அவை மாறும். "சார் எவ்வளவு படிக்கிறார் பாருங்க" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவை நூலகப் புத்தகங்கள். அவர் நூலக அட்டை, அக்காவின் அட்டை, என் அட்டை மூன்றிலும் இரவல் எடுத்து வந்து, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்து வருவோம். அத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது மேலட்டையின் நிறத்தைப் பார்த்து. சட்டை நீலம் என்றால் புத்தகம் மஞ்சளாக இருக்க வேண்டும். ஒருமுறை சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் கையேடு நடுத்தட்டில் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் பாராட்டுக்குக் குறைவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் நாலாவது மாடியில் வீடு. காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க ஆள் வேண்டும் என்று சாமியார் வாய் திறப்பதற்குள் மைக் பக்கத்தில் நிற்பார். வேலையை விட்டு ஆறு மாதத்தில், தமிழ்ச் சமூகத்துக்கு எழுதக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வலைப்பூ எழுதுவது எப்படி, பத்துப் பாடங்கள், முற்றிலும் இலவசம். 'இலவசம்' என்று சொல்லும்போது சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவரைப் போல மார்பில் கை வைத்துக்கொள்வார். அவருடைய சொந்த வலைப்பூவில் ஐந்து பதிவுகள் இருந்தன. மூன்று, அவருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள். நான்காவது அவருடைய பிறந்தநாள். ஐந்தாவதை நான் எழுதிக் கொடுத்தேன்.

நான் பல வருடங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு சப்டைட்டில் எழுதியவள். காணொளியை வெட்டி ஒட்டத் தெரியும் என்பதால் அக்கா என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலைகளில் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் படப்பிடிப்பு நடக்கும். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அத்தான் வியர்த்து வழிந்தபடி, "வணக்கம் எழுத்துச் சொந்தங்களே" என்பார். சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் போகும். நிறுத்திவிட்டு மறுபடியும் 'வணக்கம் எழுத்துச் சொந்தங்களே'. அந்த மூன்று சொல்லைத் தாண்டி அவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அவருக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் பாடம், தொடக்க வரி பற்றியது. அன்று ரயில் அடிக்கடி வந்து தொலைத்தது. முதல் வரியிலேயே வாசகரை அழ வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஓர் உதாரணம் கிடைக்காமல் அத்தான் திணறினார். "நீ ஒண்ணு சொல்லும்மா, சீக்கிரம் லா, மேக்கப் கலையுது" என்றார். எனக்குப் பசி, எரிச்சல். வாயில் வந்ததைச் சொன்னேன்: 'அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் கடலுக்கு நடுவே இருந்தேன்.' எங்கள் அப்பா இறந்தபோது நான் அவர் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கடலும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தான் தொடையைத் தட்டினார். "பிரமாதம்! அப்பா செத்துட்டாருன்னு ஆரம்பிச்சா எவன் படிக்காம போவான்?" அதையே கேமராவைப் பார்த்துச் சொன்னார், தன் சொந்த அனுபவம் என்று. அவருடைய தந்தை அப்போது கேலாங்கில் மகள் வீட்டில் மசால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் அந்தத் துண்டை அழகாக வெட்டி, பின்னணியில் வயலின் சேர்த்துப் போட்டேன்.

ஒரு ஞாயிறு லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்து மாடியில் மாணவர் சந்திப்பு வைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், நாற்பது வயது தாண்டியவர், மன்னார்குடிக்காரர். தங்கும் விடுதியின் மேல் படுக்கையில் கிடந்தபடி பாடங்களைப் பார்த்து, ஒரு நோட்டில் வரி விடாமல் எழுதி வைத்திருந்தார். தான் எழுதிய முதல் பதிவை எழுந்து நின்று படித்தார். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இப்போதும் காலையில் பஸ் நிலையத்துக்குப் போய் நின்று, எந்த வண்டி தாமதம், எந்த வண்டி வரவே இல்லை என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடும்போது ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். மகனும் அந்தப் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவரைப் போலக் கோபப்பட்டுக்கொள்வார். அவ்வளவுதான் பதிவு. நான் இட்லியைத் தட்டிலேயே மறந்துவிட்டேன். அத்தனை நன்றாக இருந்தது.

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "பஸ் லேட்டுன்னு எழுதினா யாருங்க படிப்பா? மூணாம் பாடம் பாத்தீங்களா இல்லையா?" என்றார்.

"பாத்தேன் சார். ஆனா எங்கப்பா நல்லா இருக்காரு சார்."

"உண்மையா பொய்யான்னு எல்லாம் பாக்காதீங்க. வாசகர் அழணும். அதான் எழுத்து."

கூட்டம் கை தட்டியது. மன்னார்குடிக்காரர் என் பக்கம் பார்த்தார். மேசையில் நான் அத்தானின் உதவியாளராக உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் பதிவு போட்டார். 'அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் கப்பலின் அடிவயிற்றில் இருந்தேன்' என்று தொடங்கியது. கடைசிப் பயணத்துக்குப் போக முடியாத மகனின் புலம்பல், மூன்றாம் பாடத்தில் சொன்னபடியே. அதை யாரோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கும்பகோணத்திலிருந்து அவருடைய பெரியப்பா வேன் பிடித்து, மாலையும் கையுமாக, குடும்பத்தோடு வந்து இறங்கினார். வேனிலேயே ஒப்பாரி ஆரம்பித்துவிட்டதாம். கதவைத் திறந்தவர் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கண்டக்டர். வந்தவர்கள் எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு மகனைப் போனில் கூப்பிட்டார். "என்னைக் கொன்னுதான் நீ பேர் வாங்கணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் மகனோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை எடுப்பார், அப்பா வெளியே போயிருக்கிறார் என்பார். பின்னால் அவர் இருமுவது கேட்கும்.

இதையெல்லாம் மன்னார்குடிக்காரரே என்னிடம் சொன்னார், சந்திப்பு நடந்த அதே தெருவில் நின்றுகொண்டு. தன் பதிவை உடனே நீக்கிவிட்டார். ஆனால் அத்தான் அதற்குள் அதை வைத்து 'மாணவர் சாதனை' என்று ஒரு காணொளி செய்துவிட்டார். பதிவை முழுக்க உருக்கமாக வாசித்து, முடிவில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊரில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. "அதை எடுக்கச் சொல்லுங்கக்கா. அது இருக்கிற வரைக்கும் எங்கப்பா போனை எடுக்க மாட்டாரு" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அத்தானிடம் சொன்னேன். "இப்பத்தான் நல்லா ஓடுது, இப்ப போய் எடுக்கச் சொல்றியே" என்றார். அவருக்கு விளங்க வைக்கலாம் என்று நினைத்தது என் மடத்தனம். ஒரு மனிதரின் அப்பா உயிரோடு இருப்பது அத்தானுக்கு ஒரு சின்ன இடைஞ்சல், எல்ஆர்டி சத்தம் போல. அக்காவிடம் சொன்னேன். "விடு, வேலையை விட்டதுக்கப்புறம் அவருக்கு இது ஒண்ணுதான்" என்றாள். கணக்கின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. ஒரு நிமிட வேலை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அதைச் செய்யவில்லை. அத்தானை நான் இகழ்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தும் வயலின் சேர்த்தவளை என்னவென்று சொல்வது?

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு காலை, மன்னார்குடிக்காரரின் வலைப்பூவில் புதிய பதிவு வந்திருப்பதாக என் போனில் அறிவிப்பு வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பதிவு. சாங்கி விமான நிலையத்திலிருந்து எழுதியிருந்தார். 'என் அப்பா நேற்று மாலை இறந்துவிட்டார். இது உண்மை. சொந்தக்காரர்கள் தயவுசெய்து நம்பி வரவும்.' மூன்றே வரிகள்.

பெரியப்பா நம்பவில்லை என்று பிறகு தெரிந்தது. தம்பியின் போனுக்கே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் எடுக்காததால், கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டார். அடக்கத்துக்கு அவர் வரவில்லை.

அந்தப் பதிவு வந்த அன்று முற்பகலே 'மாணவர் சாதனை'யையும் மூன்றாம் பாடத்தையும் நீக்கினேன். அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இரங்கல் எழுதலாம் என்று அந்தப் பதிவுக்குத் திரும்பிப் போனேன். எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவர் ஊர்க்காரர்: 'மறுபடியுமா?' அடுத்தது அத்தான்: 'அருமையான தொடக்கம். சுருக்கமாகவும் இருக்கிறது. மூன்றாம் பாடம் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. வாழ்த்துகள்!' பக்கத்தில் கை தட்டும் படம் மூன்று.

அதற்குக் கீழே, விமானம் ஏறுவதற்கு முன்னாலோ இறங்கிய பிறகோ, அவர் பதில் போட்டிருந்தார்.

'நன்றி சார்.'