உயிரோடு இருந்தவளுக்கு ஓர் இரங்கல்

கண்ணாடிக்காரிக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைத்தெரு முனையில், ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவுக்கு ஒரு கடை. டாக்டர் சீட்டைக் கொடுத்தால் லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, துடைத்து மூக்கில் மாட்டியே அனுப்புவாள். எறும்புக்குக்கூடக் கண்ணாடி போட்டுவிடுவாள் என்று தெருவில் பேச்சு. எறும்பு வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தொழிலைக் கற்றது ஊர்ச் சமுதாயக் கல்லூரியில். இரண்டு வருடப் படிப்பு, வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் வகுப்புக்கு ஒரு தொடர்பாளர் உண்டு. இவள் வகுப்புக்கு இவள்தான். யார் வீடு மாறினார்கள், யார் கடையில் ஆள் தேவை, எல்லாம் விரல் நுனியில். அதில் கொள்ளைப் பெருமை.

வருடா வருடம் ஒரு படிவம் வரும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூன்று கட்டம்: தொடர்பில் இருக்கிறார், தொடர்பில் இல்லை, காலமானார். காலமானவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். மீதிப் பேரில் ஒருவர் விடாமல் தொடர்பில் வைத்திருக்கும் வகுப்புக்குக் கோப்பை. மூன்று வருடமாக அது குழாய் வேலை படித்தவர்களுக்கே போனது. அவர்களுடைய தொடர்பாளர், காதோரம் நரைத்த குழாய்க்காரர், இவளைக் கண்டால் விட மாட்டார்.

"என்னம்மா, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறே. உன் வகுப்புல ஒரு ஆளு மட்டும் உன் கண்ணுல பட மாட்டேங்குது?"

அந்த ஒரு ஆள் நெட்டச்சி. வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம். படிப்பு முடிந்து போனவள் போனவள்தான். கண்ணாடிக்காரி பழைய நம்பருக்கு இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள், மணியே போகவில்லை. இந்த வருடம் படிவம் வந்தபோது, நெட்டச்சியின் வரிசையில் பேனா சற்று நின்றது. அப்புறம் மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஆள் காலி.

கொன்றவள் அதோடு விட்டிருக்கலாம். கல்லூரிப் பத்திரிகையிலிருந்து, "பாவம், நாலு வரி எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவள் கால் வைத்து, செருப்பும் மாட்டி அனுப்பினாள். நாலு வரி கேட்ட இடத்தில் ஒரு முழுப் பக்கம். நெட்டச்சி வெளிநாட்டில் மூன்று கடை வைத்தாள். ஆயிரம் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி போட்டாள். கணவரும் ஆறு பேரப்பிள்ளைகளும் சூழ நிற்க, சிரித்த முகத்தோடு கண்மூடினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்து, இவளே மூக்கைச் சிந்தினாள். வாட்ஸப் குழுவில் மீதி முப்பது பேரும் அழுது தீர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பை கொடுக்கும் விழா. வியாழன் மதியம், வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்துகொண்டு ஒருத்தி கடைக்குள் வந்தாள். கையில் அந்தப் பத்திரிகை.

"படிக்கிறதுக்குக் கண்ணாடி வேணும். நான் செத்ததைப் பத்திப் போட்டிருக்காங்க. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு."

கண்ணாடிக்காரியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் விழுந்து உருண்டது. "நெட்டச்சி..."

"அவளேதான். உக்காரலாமா, இல்ல ஆவி நின்னுக்கிட்டுதான் பேசணுமா?"

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலையாம். நோயாளிகள் காத்திருக்கும் இடத்து மேசையில் பத்திரிகை கிடந்ததாம்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையேடி. ஆறு பேரப்பிள்ளைங்க எந்த வழியா வந்தாங்க?"

கண்ணாடிக்காரி குனிந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.

"என்னைத் தேடினியா?"

"ரெண்டு தடவை போன் பண்ணினேன்."

"முப்பது வருஷமா இங்கேருந்து ஆறாவது பஸ் ஸ்டாப்புலதான் இருக்கேன்."

கத்தியிருந்தால் தேவலை. நெட்டச்சி தணிந்த குரலில்தான் பேசினாள். "ஒரு தடவை உங்க கூட்டத்துக்கு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே ஆளாளுக்குக் கடை, கார்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு லென்ஸ் வேலை கிடைக்கவே இல்ல. பெட்ஷீட் துவைக்கிறேன்னு சொல்ல வாய் வராம திரும்பிட்டேன். இதைப் படிச்சா, என்னைச் சாதாரண ஆளா சொல்ல உனக்கும் வாய் வரல போல. சாகுறதுக்குக்கூட எனக்கு மூணு கடை வேண்டியிருக்கு பாரு."

கண்ணாடிக்காரிக்குக் காது நுனி வரை சுட்டது. "ஞாயித்துக்கிழமை கோப்பை விழாவுல நான் என்னதான் சொல்றது?"

"செத்தவகிட்டயா யோசனை கேக்குறே?" பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து வெளியே போனாள்.

வாயை மூடிக்கொண்டால் கோப்பை கைக்கு வந்துவிடும். நெட்டச்சி யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாள். அதுதான் முள்ளாய்க் குத்தியது. வெள்ளியும் சனியும் வேலை ஓடவில்லை. வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்ததில், ஒரு வாத்தியார் கடைப்படியைக் காலால் துழாவிக்கொண்டே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, விழா மண்டபம். அந்த வருடம் மறைந்தவர்களின் பெயர்களைப் படித்து, ஒரு நிமிட மௌனம் என்றார்கள். நெட்டச்சியின் பெயரும் வந்தது. இருநூறு தலைகள் குனிந்தன. இந்த ஒரு நிமிடம் போய்விட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் தன் வாய் திறக்காது என்று கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது.

"அவ சாகல."

பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி தோளைத் தடவினாள். "ஆமாண்டி, நம்ம மனசுல வாழ்ந்துக்கிட்டுதான் இருக்கா."

"மனசுல இல்ல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. கோப்பைக்கு ஆசைப்பட்டு நான்தான் டிக் அடிச்சேன். நான் எழுதினது அத்தனையும் பொய்."

யாரும் சிரிக்கவில்லை. குழாய்க்காரர் வாயைத் திறந்தார், கேலி வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள். தொடர்பாளர் வேலையை அங்கேயே வேறொருத்திக்கு மாற்றினார்கள். கடைசி வரிசை வரை நடந்து வாசலுக்குப் போவதற்குள் ஒரு யுகம் கழிந்தது.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஆறாவது ஸ்டாப்பில் இறங்கினாள். சலவைக்கூடத்தில் ஆவியும் சோப்பு வாசமும். மலை மாதிரி விரிப்புகளுக்கு நடுவே நெட்டச்சி.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப நல்லா உறைச்சிருக்கும். சும்மா நிக்காதே, அந்த முனையைப் பிடி."

விரிப்பு மடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து, முகத்துக்கு முகம் நின்று, கையோடு கை சேர்க்க வேண்டும். நெட்டச்சி ஒவ்வொரு தடவையும் நேராகப் பார்த்தாள். கண்ணாடிக்காரி ஓரத் தையலையே பார்த்தபடி வந்தாள், போனாள். கூடையில் இன்னும் நாற்பது விரிப்புகள் கிடந்தன.