மொரிஸ் மைனருக்கு உழவு மெசின் டைனமோ

1994ஆம் ஆண்டு, தவக்காலம். முல்லைத்தீவுக் கரையோரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பத்துக் கட்டை, அதாவது பத்து மைல், தள்ளி இருந்த எங்கள் ஊரில் நடந்தது இது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கள் குடும்பம் கடற்றொழில் குடும்பம்தான். எனக்கு அலை ஒத்துக்கொள்ளாததால், மாமனார் விட்டுப்போன மொரிஸ் மைனர் காரை வாடகைக்கு ஓடினேன். அந்தக் கார் என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையது. சண்டையும் தடையுமாக, பெற்றோல் இல்லாத காலம். ஷாம்பூப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவேன். நான் வருகிறேன் என்பது புகையைப் பார்த்தே ஊருக்குத் தெரியும்.

அப்போது என் மூத்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய முதற்பிள்ளையின்போது கார் பழுதாகிக் கிடந்தது. மாட்டு வண்டிலில் கொண்டுபோனோம். பாதி வழியில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. இந்த முறை நானே காரில் கொண்டுபோவேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

காரில் ஒரு சின்னச் சிவப்பு லைற் உண்டு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால், டைனமோ பற்றறிக்குக் கரண்ட் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒருநாள் அது அணையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் டைனமோவின் உட்சுற்றெல்லாம் கருகிப் போயிருந்தது. பற்றறியோ ஆமி வவுனியாவுக்கு இங்கால் கொண்டுவர விடாத சாமான். இருக்கிற பற்றறி இறங்கிவிட்டால் காரும் அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு லைற்றை முதலில் கவனித்தவர் ஒரு மலையகத்து மனிதர். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, எங்கள் ஊருக்கு அடுத்த வயல் ஒன்றில் தண்ணீர் இறைக்கிற பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவியைக் கிளினிக்குக் கொண்டுபோக என் காரில் ஏறியவர், வழியில் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, டைனமோ போயிருச்சுங்க. எங்க மொதலாளி வயல்ல ஓடாத டிராக்டர் ஒண்ணு கெடக்கு. அந்த டைனமோ இதுக்கு அப்படியே உக்காரும்."

"உழவு மெசின்ரை சாமானோ? இது கார்," என்றேன்.

மாங்குளத்தில் ஒருவர், விபத்தில் நொறுங்கிய ஜப்பான் வான் ஒன்றைக் கழற்றி விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதில் அல்ரனேற்றர் இருந்ததாம். டைனமோ செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும், ஆனால் புதிய வாகனங்களுக்கு வருகிற சாமான். எனக்கு அதிலேயே மனம் போய்விட்டது. ஆனாலும் முடிவெடுக்கப் பயம். ஆகவே எங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இரண்டு துண்டுக் கடதாசியில் 'வான்' என்றும் 'மெசின்' என்றும் எழுதி, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு, சீட்டெடுக்க மனைவியைக் கூப்பிட்டேன்.

"கேக்கிறதெண்டால் அந்த மனிசனைக் கேளுங்கோவன். இந்த எண்ணெய்ச் சாமானுக்கை மாதாவை ஏனப்பா இழுக்கிறியள்?" என்றாள்.

"அந்த ஆக்கள் தேயிலை கிள்ளினவை. அவைக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? நீ எடு."

அவள் கண்ணை மூடி எடுத்தாள். 'வான்' வந்தது.

மறுநாளே சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டை கருவாட்டைக் கட்டிக்கொண்டு மாங்குளத்துக்கு மிதித்தேன். வான்காரர் கருவாட்டை முகர்ந்து பார்த்தார்.

"நல்ல பாரைக் கருவாடு. தாங்கோ. அண்ணை, இதைப் பூட்டினால் உங்கடை கார் பறக்கும்."

"பறக்க வேண்டாம் தம்பி, ஆஸ்பத்திரி மட்டும் ஓடினால் காணும்," என்றேன்.

வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் அது வெள்ளிக் கிண்ணம் போல மின்னியது. கொல்லரிடம் இரும்புத் துண்டு ஒன்று வளைத்து, காரில் பொருத்தி, பெல்ற்றும் போட்டுவிட்டேன். பற்றறி வயரைக் கொழுவ வேண்டியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து மலையகத்தார் சைக்கிளில் வந்தார். படலைக்கு உள்ளே ஓரடி வந்து நின்று, காரில் மின்னியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, பேட்டரியைத் திருப்பிட்டீங்களா?"

"என்னத்தைத் திருப்புறது?"

"பழைய இங்கிலீசு வண்டிக்கு பாடியில பிளஸ்ஸுங்க. வேன் சாமானுக்கு பாடியில மைனஸ்ஸு. அப்படியே மாட்டுனா எரிஞ்சு போயிரும்."

இருபது வருடம் அந்தக் காரை ஓடியவன் நான். பற்றறியின் எந்த முனை கார் உடம்பில் கொழுவியிருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது எனக்குத் தெரியாது என்று அவருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"என்ரை கார் எனக்குத் தெரியும். நீ போய் உன்ரை பம்மைப் பார்," என்றேன்.

என் மகள் வாசலில் நின்றாள். அவள் முகம் சுருங்கியதைக் கண்டேன். அந்த மனிதர் "சரிங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வயரைக் கொழுவினேன். 'படார்' என்று ஒரு பொறி. அடுத்த நிமிடம் எஞ்சினுக்குள்ளிருந்து கறுத்த புகை. வயர்கள் வெடித்து உருகின. கை சுட்டதையும் பார்க்காமல் பற்றறி வயரை இழுத்துப் பிடுங்கினேன். மனைவி ஓடிவந்து மண்ணை அள்ளிக் கொட்டினாள். நெருப்பு நின்றது. என் வெள்ளிக் கிண்ணம் கரிச்சட்டி ஆகியிருந்தது.

மூன்று நாள் நான் படலையைத் தாண்டவில்லை. காரைச் சாக்கால் மூடிவிட்டேன். நாலாம் நாள் மகள் தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, கவலைப்படாதேங்கோ. வண்டிலிலையே போவம். இந்த முறை வெள்ளெனவே வெளிக்கிட்டால் சரிதானே."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆறுதல் சொன்னாள். வண்டில் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டதும், தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பினேன்.

வயலுக்குப் பின்னால் ஐந்தாறு ஓலைக் குடிசைகள். அங்கே நான் அதுவரை கால் வைத்ததில்லை. என்னைக் கண்டதும் அவர் உள்ளே போய், நான் உட்கார ஒரு கதிரையைக் கொண்டுவந்து, துண்டால் தட்டிப் போட்டார். அந்த வீட்டில் ஒரே ஒரு கதிரைதான். என் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தும் அவர் முற்றத்தில் நின்றபடியே திரும்பியவர். அவருக்கு நான் ஒரு பலகைகூட எடுத்துப் போட்டதில்லை. அது நினைவுக்கு வர, எனக்கு அதில் உட்கார முடியவில்லை.

"எரிஞ்சு போச்சு," என்றேன்.

"பொகை இங்கிருந்தே தெரிஞ்சுதுங்க," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய மனைவி உள்ளே சிரிப்பை அடக்கியது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் கதைச்சது பிழை. மனசிலை வைச்சிருக்காதேங்கோ," என்றேன். அன்றுதான் முதன்முதலாக அவரோடு மரியாதை வைத்துக் கதைத்தேன்.

அவர் மூலையிலிருந்து ஒரு உரப்பையைத் தூக்கி வந்து என் முன்னால் அவிழ்த்தார். உள்ளே டைனமோ. துருவெல்லாம் சுரண்டி, எண்ணெய் பூசி இருந்தது.

"எப்ப கழட்டினனீங்கள்?"

"வண்டியில வந்தேன்ல, மறுநாளே மொதலாளிகிட்ட கேட்டுக் கழட்டிட்டேங்க. புள்ளைக்கு நாள் நெருங்குதேன்னு. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்."

அதாவது, நான் அவரை விரட்டியபோது இந்தச் சாமான் எனக்காகத் தயாராக அவர் வீட்டு மூலையில் இருந்திருக்கிறது.

அன்று பின்னேரமே வந்தார். தோட்டத்தில் லொறிகளும் ஜீப்புகளும் திருத்துகிற இடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவராம். அதுவரை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. உருகிய வயர்களை மாற்றினார். பெல்ற் போட முன்னம் டைனமோவைப் பற்றறியில் தொட்டுக் காட்டினார். அது தானாகவே மெல்லச் சுற்றியது. "இப்படிச் சுத்துனா உள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். பிறகு ஒரு வயரை எடுத்து ஒரு கணம் தொட்டு எடுத்தார். சின்னப் பொறி பறந்தது. "எது பிளஸ்ஸு எது மைனஸ்ஸுன்னு இப்ப இதுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் பிடித்தது. சிவப்பு லைற் ஒருமுறை மினுங்கி, பிறகு அணைந்தது. மகள் கைதட்டினாள்.

கூலி என்று அவர் எதுவும் வாங்கவில்லை. எரிந்த அல்ரனேற்றரைக் காட்டி, "இதுல இருக்கிற செம்புக் கம்பியைக் குடுங்க, பம்புக்கு ஒதவும்" என்றார். அன்று எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, எங்களோடு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் கிழமை, ஒரு மத்தியான வேளை, மகளுக்கு வலி வந்தது. பத்துக் கட்டையையும் மைனர் இருமிக்கொண்டே ஓடியது. நான் ரோட்டைப் பார்த்ததைவிட அந்தச் சிவப்பு லைற்றைப் பார்த்ததுதான் கூட. அது எரியவே இல்லை. பின்னேரம் தாதி வெளியே வந்து பெண்பிள்ளை என்று சொல்ல முன்னமே, உள்ளே அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் காத்திருந்தேன்.

பிறகு சண்டையால் வந்த இடப்பெயர்வில் காரும் போயிற்று. அந்த மனிதரும் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. விசாரிக்காத ஆளில்லை.

இவ்வளவு நாளும் மனைவிக்குக்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. சீட்டெடுத்த அன்று அவளைக் கூப்பிட முன்னம், விடியக்காலமை நானே தனியாக ஒருமுறை சீட்டெடுத்தேன். 'மெசின்' என்று வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லி, இரண்டு துண்டையும் மறுபடி மடித்து வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். மாதா முதல் தடவையிலேயே பதில் சொல்லியிருந்தார். அதற்கு முன்னமே அந்த மனிதரின் வாயாலும் சொல்லியிருந்தார்.

இன்றும் ஏதாவது கேட்டு முழங்காலில் நிற்கிறேன். ஆனால் அந்தப் பதிலை எந்த மனிதர் கொண்டுவர வேண்டும் என்று இப்போது நான் மனதுக்குள் நிபந்தனை வைப்பதில்லை.