கார்வர் பீக்குக்கு எத்தனை பேர் வருவார்கள்?

ஸ்வர்ணாவுக்குக் குளிர் ஆகாது. கலிஃபோர்னியாவில், பிளசன்டன் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். டிசம்பரில் கார் கண்ணாடியில் லேசாக வெள்ளை படிந்தாலே, வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள்தான் 1998 ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிவரை சனிக்கிழமை தவறாமல் ஐந்தரை மணி நேரம் காரில் போய், பனிமலை அடிவாரத்தில் நின்று, வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

உடுமலைப்பேட்டைக்காரி. கோயம்புத்தூரில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வெள்ளியங்கிரியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தாள். ஆறு வருஷம் வேலை பார்க்க விசா இடம் தரவில்லை. ஆரம்பத்தில் வெள்ளியங்கிரி ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன பண்ணுன அம்மிணி?" என்று கேட்பாராம். தினமும் அதே பதிலைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அதைப் பார்த்து அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். சண்டை என்று ஒன்றும் கிடையாது. பேச விஷயம் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

கிரீன் கார்டு வந்த மூன்றாம் மாதம், வால்நட் க்ரீக்கில் கஸ்தூரிரங்கன் என்பவர் நடத்திய சின்ன ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை கார்வர் பீக்.

கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலையில், பெரிய பனிச்சறுக்கு மலைகளையெல்லாம் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்ன மலை. சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இரண்டே இரண்டு. ரூத் என்ற அறுபத்தெட்டு வயது அம்மாள் அதை நடத்தினாள். அவளும் கணவருமாகத் தொடங்கியது. கணவர் இறந்து நாலு வருஷம். இன்னும் நாலு லிஃப்டும், அறுபது அறை வைத்த ஒரு ஹோட்டலும் கட்ட வேண்டும் என்பது ரூத்தின் ஆசை. மலை வனத்துறைக்குச் சொந்தம். கட்டினால் ஆட்கள் வருவார்களா என்று ஆய்வு செய்து காட்டினால்தான் அனுமதி; அந்த ஆய்வைத்தான் கஸ்தூரிரங்கனின் நிறுவனத்திடம் கொடுத்திருந்தாள்.

ரூத் ஆசைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அடிவாரத்து ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம், பத்தொன்பது பிள்ளைகள். வேலை இல்லாமல் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் நாளே ஸ்வர்ணாவுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னாளாம்.

ஸ்வர்ணாவுக்கு மலை ரோட்டில் கார் ஓட்டப் பயம். அதனால் வெள்ளியங்கிரிதான் ஓட்டினார். தாராபுரத்து வெயிலில் வளர்ந்த மனிதர், நடுரோட்டில் பனியில் படுத்து, வண்டி வழுக்காமல் இருக்க டயருக்குச் செயின் மாட்டக் கற்றுக்கொண்டார். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆயிற்று. காருக்குள் வந்து உட்கார்ந்தபோது விரல்களை மடக்கக்கூட முடியவில்லை.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

"வலிச்சாத் தேவலையே. கை இருக்கறதே தெரியல."

அவருடைய இரண்டு கைகளையும் அவள் தன் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் கேள்வித்தாளோடு நின்ற நேரமெல்லாம் அவர், சறுக்க வருகிறவர்கள் குளிருக்கு ஒதுங்கும் லாட்ஜில் ஜன்னலோரம் காத்திருப்பார். திரும்பும்போது, "இன்னைக்கு எத்தனை பேரு? என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். நாலு மணி நேரம் தள்ளி சேக்ரமென்டோ வரும்வரை அவள் நிறுத்தமாட்டாள். நிறையக் குழந்தைகளோடு வந்தவர், கேள்வித்தாளை மூக்குத் துடைக்கப் பயன்படுத்தியவர், பதில் சொல்லிக்கொண்டே சறுக்கி விழுந்தவர் எல்லோரும் அந்தக் காருக்குள் வந்து போனார்கள்.

பிப்ரவரி நடுவில் கணக்குப் பார்த்தபோது, பத்தில் எட்டுப் பேர் 'லிஃப்ட் அதிகமானால் அடிக்கடி வருவோம்' என்று எழுதியிருந்தார்கள். ஸ்வர்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரூத்துக்கு அன்றே போன் செய்ய இருந்தாள். வெள்ளியங்கிரிதான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"வருவோம்னு சொல்றவங்க போன வருஷம் எத்தனை தடவை வந்தாங்க? அதக் கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து கேட்டாள். ஏறக்குறைய எல்லோரும் சொன்னது ஒரே பதில்: ஒரு தடவை. ஏன் மறுபடி வரவில்லை? ரோடு. நாலு பேர், கிளம்பிப் பாதி வழியில் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "இங்கே கூட்டம் இல்லை, அதனால்தான் வருகிறோம். கூட்டம் வந்தால் நாங்கள் ஏன் வரப்போகிறோம்?" என்றார்.

மார்ச் முடிவில் அவள் போட்ட கணக்குப்படி, அந்த ஹோட்டல் ஒரு குளிர்காலத்தில் பதினோரு நாள்தான் நிறையும்.

"எண்பது பர்சென்ட்னு வந்தது இல்லையா, அதை முதல் பக்கத்துல போட்டுடுங்கோ. மத்ததெல்லாம் பின்னாடி இருக்கட்டும்," என்றார் கஸ்தூரிரங்கன். கெட்டவர் இல்லை. ரூத்தின் குரலில் இருந்த ஆசையை அவரும் போனில் கேட்டிருக்கிறார்.

"அந்தம்மா முதல் பக்கத்தத்தானுங்க சார் நம்பும்," என்றாள் ஸ்வர்ணா. "நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்."

அன்றும் வெள்ளியங்கிரிதான் கார் ஓட்டினார்; அறிக்கை அவள் மடியில் இருந்தது.

அன்று நடந்ததை ஸ்வர்ணா எனக்குத் தமிழில் சொன்னபடியே சொல்கிறேன். ரூத் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அறிக்கையை ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணு மாசமா இங்க நிக்கிறே. ஒரு தடவையாவது மேல போய்ப் பார்த்தியா?"

"இல்லை."

"வா."

இரண்டு பேர் உட்காரும் லிஃப்ட். பயத்தில் ஸ்வர்ணா ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வெள்ளியங்கிரி சின்னதாகிக்கொண்டே போனார். மேலே போய் இறங்கியதும் ரூத் ஊரைக் காட்டினாள். முப்பது நாற்பது கூரைகள், ஒரு கொடிக்கம்பம், அதுதான் பள்ளிக்கூடம். ஸ்வர்ணாவுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள்.

"எதுக்கு? அந்த ரோட்டை நீயா போட்டே?" என்றாள் ரூத். பிறகு, "கட்டினாலும் ஆள் வராதுன்னு எனக்கும் தெரியும். யாராவது அப்படி இல்லைன்னு சொல்வாங்களான்னு பார்த்துட்டிருந்தேன்," என்றாள்.

அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பத்தை அந்த மாதமே அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள். இருக்கும் இரண்டு லிஃப்டை மட்டும் பழுது பார்த்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை மலையைத் திறந்து வைத்தாள். 2000 ஜூனில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த பிள்ளைகள் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போனார்கள். அதைச் சொல்லி ரூத் எழுதிய கடிதம் வந்த அன்று ஸ்வர்ணா எங்கள் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். தன் கணக்குச் சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த வேலை முடிந்ததற்கு அடுத்த சனிக்கிழமை. காலையில் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோது, வெள்ளியங்கிரி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் மலைக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அந்த வேலை முடிஞ்சுது," என்றார். "அவ டிரெஸ் மாத்திட்டு இருக்கறா. எங்கன்னு இன்னும் முடிவு பண்ணலீங்க. கொஞ்சம் தூரமா இருந்தாப் போதும்."