பெயர் தப்பினால் பொறுக்காத மீன்காரர்

"அது சூரை, தங்கச்சி. பாரையெண்டு சொல்லாதீங்க, ரெண்டுக்கும் மானக்கேடு" என்று சொல்லிக்கொண்டே ஷரிபுதீன் மீனைத் தராசுத் தட்டில் போடுகிறார். பெரிய மீனையெல்லாம் பாரை என்று கூப்பிடுகிற வீரமுனைச் சுஜித்தாவுக்கு இந்தத் திருத்தம் கிழமைக்குக் கிழமை கிடைக்கும். நிந்தவூரிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மனிதர். விலையில் விட்டுக்கொடுப்பார், மீனின் பெயரில் மட்டும் கறார்.

திருத்திய கையோடு கேள்வி தொடங்கும். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரோ, பிரஷருக்குக் குளிசை எடுப்பவரோ, யார் அகப்பட்டாலும் விடமாட்டார். "உறக்கத்தில மட்டும் வாற வலிப்பு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவருடைய ஆறு வயது மகள் ஸம்றாவுக்கு அதுதான். கை கால் இழுக்காது, வாயில் நுரை வராது. ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்தவள் மெல்ல மெல்லப் பேச்சை விட்டாள். கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. காதில் கோளாறு என்று வீட்டில் நினைத்தார்கள். காது நன்றாகவே இருந்தது. தலையில் வயர்களை ஒட்டி உறங்கவைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

டொக்டர் விளக்கியதை ஷரிபுதீன் தன் பாணியில் சொல்வார். "பகல்ல கேட்ட சொல்லையெல்லாம் உறங்கக்குள்ளதான் மூளை அடுக்குமாம். இவவுக்கு அந்த நேரம் பாத்துக் கரண்டு அடிக்குது. பெட்டிய ஆட்டிக்கிட்டே இருந்தா மீன அடுக்கேலுமா?"

கவனிக்காமல் விட்டால் பேச்சு முழுதாகத் திரும்பாமலே போகலாம் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். முதலில் படுக்கப்போகும் முன் ஒரு குளிசை. பலனில்லை. இப்போது ஸ்டீரொயிட். அதுவும் கேட்காவிட்டால் சோற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற சாப்பாடு. அதற்கும் மேலே, சில பிள்ளைகளுக்கு மட்டும், ஒப்பரேஷன். "நெல்லு விளையிற ஊருல சோறில்லாம புள்ளய எப்பிடி டொக்டர் வளக்குற?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தவர், அந்தச் சாப்பாட்டுக்கு எந்த மீன் தோது என்பதையும் விசாரித்துக்கொண்டுதான் எழுந்தார்.

ஸ்டீரொயிட் பிள்ளையின் கன்னத்தை ஊதவைத்தது. வீதியே கொண்டாடியது. "மாஷா அல்லாஹ், புள்ள தேறிட்டா! இனி மருந்து என்னத்துக்கு?" மனைவி றாஹிலாவுக்கும் அந்த ஆசை தொற்றியது.

"அது சதையில்ல புள்ள, மருந்துட வீக்கம். டொக்டரக் கேக்காம திடீரெண்டு நிப்பாட்டினா ஆபத்து" என்று மறித்தவர் ஷரிபுதீன்தான். மறித்தாரே தவிர, பயம் அவருக்கும் இருந்தது.

வியாபாரம் முடிந்து வந்ததும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தபடி மகள் முன்னால் குந்துவார். முன்பென்றால் பெயரைக் கத்திக்கொண்டு தோளில் ஏறிவிடுவாள். இப்போது சும்மா பார்ப்பாள். கூவியே பிழைக்கிற மனிதர் வாய் திறக்காமல் இருப்பது அந்த ஒரு வேளைதான்.

நேற்று பெட்டியில் மிஞ்சியது விரல் நீளச் சூடை மீன். ஸம்றா அதைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள்.

"பாரை" என்றாள்.

இன்று காலை வீரமுனை வீதியில் "பாரை... பாரை..." என்று கூவல் கேட்டது. சுஜித்தா பெரிய சட்டியோடு ஓடி வந்தாள். பெட்டி நிறையச் சூடை.

"ஷரிபுதீன் நானா, இது சூடைதானே?"

"இண்டைக்குப் பாரை, தங்கச்சி" என்ற ஷரிபுதீன், சூடை விலைக்கே நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேலே இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.