மோரிக்குப் பாஸ் இருக்கோ?

ஆரணி, கவின், அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "குதிரைச் சாணி அள்ளுறார்" என்று சொல்கிறீர்களாம். அது உண்மைதான். ஆனால் நான் ஒரு குதிரையை விற்றும் இருக்கிறேன். ஒரே நாளில் அந்த விற்பனையைக் கெடுத்து, அதே நாளில் விற்றேன். அதை எழுதி வைக்கிறேன்.

சூரிச்சில் சமையலறை வேலையை விட்டு, ஊஸ்டருக்குப் பக்கத்து லாயத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே மோரி என்ற ஐஸ்லாந்துக் குதிரை விற்பனைக்கு நின்றது. காயடித்த ஆண் குதிரை, பன்னிரண்டு வயது. பக்கத்தில் டிராக்டர் உறுமினாலும் காதை மட்டும் திருப்பும். அதற்கு 'டோல்ட்' என்று ஒரு நடை உண்டு. விரைவாகப் போகும், மேலே இருப்பவர் குலுங்க மாட்டார். காட்டுப் பாதையில் நாள் முழுக்கச் சவாரி போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

முதலாளியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். குதிரைகளைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை. மோரியை இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமை ஓல்டனிலிருந்து வரும் ஊர்சுலாவும் வேண்டாம் என்றால், திங்கட்கிழமை ஒரு வியாபாரி ஏற்றிப்போவான். பிறகு அது யார் கைக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த லாயத்தில் நான் பயமில்லாமல் தொட்ட முதல் குதிரை அது.

அன்றைக்குப் பார்த்து முதலாளியம்மா வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டார். "நீங்களே காட்டுங்கோ, வாறன்" என்று போனில் சொன்னார். (அவர்கள் ஜேர்மனில் கதைத்ததை நம்முடைய தமிழில் எழுதுகிறேன்.)

ஊர்சுலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதுகு நோ உள்ளவர். மோரியில் ஏறி லாயத்து வளவை இரண்டு தரம் சுற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. இறங்கியதும் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இவருக்குப் பாஸ் இருக்கோ?"

பிள்ளைகள், ஒன்பது வருடம் தற்காலிக வதிவிட அட்டையோடு காத்திருந்து சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் எடுத்தவன் நான். ஜேர்மனில் அதற்குப் பாஸ் என்றுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும். குதிரைகளுக்கும் பாஸ் புத்தகம் உண்டு என்பதை முதல் வாரமே பார்த்திருந்தேன்.

"ஓம், ஓம்! திறமான பாஸ். பிறந்ததிலேயிருந்து இருக்கு!"

அவருடைய முகம் வாடிவிட்டது. "அப்பிடியெண்டால் மன்னிக்கோணும். பாஸ் உள்ள குதிரை எனக்குச் சரிவராது." பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

பாஸ் இல்லை என்று வேலை தராதவர்களை இந்த நாட்டில் கண்டிருக்கிறேன். பாஸ் இருக்கிறது என்பதற்காக வேண்டாம் என்று சொன்னவரை அன்றுதான் கண்டேன். முதலாளியம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, பாஸ் எண்டது ஒரு நடை! ஒரு பக்கத்துக் கால் ரெண்டையும் ஒண்டாத் தூக்கி ஓடுறது. அது டோல்ட்டுக்குள்ளை கலந்தால் அவவின்ரை முதுகு போச்சு. மோரிக்கு அது வரவே வராது. ஓடுங்கோ!"

மோரியைக் கட்டிவிட்டுப் போக நேரமில்லை. கயிற்றைப் பிடித்தபடியே ஓடினேன். நான் இளைத்தேன், மோரி இளைக்கவில்லை. பஸ் ஏற்கெனவே வந்து நின்றது, ஊர்சுலா உள்ளே ஏறியிருந்தார். சாரதி நம்முடைய தமிழ்ப் பெடியன், பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து எட்டிப்பார்த்தான்.

"அண்ணை, ஆருக்கு டிக்கெட்? உங்களுக்கோ, அவருக்கோ?"

"தம்பி, பகிடி பிறகு. அந்த அம்மாவோடை ஒரு சொல்லுக் கதைக்கோணும்."

"ஒரு நிமிசம் தாறன். ரயில் பிடிக்கிற சனம் என்னைத் திண்டுபோடும்."

கதவு புஸ்ஸென்று திறந்தது. உள்ளே இருந்த யாரோ பொறுமையில்லாமல் கண்ணாடியில் தட்டினார்கள். மோரி அசையவில்லை. வாசலில் நின்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கத்தினேன்:

"காலிலை பாஸ் இல்லை! புத்தகத்திலைதான் பாஸ்! நான் பாஸ்போட் எண்டு நினைச்சுப்போட்டன்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஊர்சுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"வித்தால் எனக்கு ரெண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கித் தரோணும்!" என்று சொல்லிவிட்டுத் தம்பி பஸ்ஸை எடுத்தான்.

திரும்பும்போது கயிறு ஊர்சுலாவின் கையில் இருந்தது. "இந்தச் சத்தத்துக்கை இப்பிடி நிண்டாரே, அதுவே எனக்குக் காணும், வாங்கிறன்" என்றார். முதலாளியம்மா வந்து சேர்ந்ததும் கையெழுத்தும் ஆகிவிட்டது.

தெரியாத சொல்லை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த சொல்லைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் வேலைக்குப் போகும்போது அதையும் கேளுங்கள்.

அடுத்த கிழமை ஊர்சுலா மோரியை ஏற்றிக்கொண்டு போனார். முதலாளியம்மாவும் வீட்டுக்குள் போய்விட்டார். மோரியை அடைத்த பொக்ஸ் வெறுமையாக இருந்தது; அதன் கதவில் மோரியின் விவர அட்டை தொங்கியது. தினமும் தூசு தட்டியிருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். நடைகள் நான்கு, பாஸ் இல்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பொக்ஸுக்குப் போனேன். மீதிப் பதினொரு அட்டைகளையும் வாசித்து முடித்த பிறகுதான் விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன்.