கச்சாலில் இரண்டரை மணி நேரம்

சென்ற வாரம் ஓர் ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை நிக்கோபார் பக்கம் கப்பலில் கூட்டிப்போக ஆசை, போய் வந்தவர் என்ற முறையில் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். போய் வந்தவள்தான். ஆனால் அது 1975 டிசம்பர் கடைசி வாரம். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. இந்த வலைப்பூவில் எத்தனையோ பயணங்களைப் பற்றி அளந்துவிட்டிருக்கிறேன், இதை மட்டும் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வயதில் அழுதால்தான் என்ன?

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அரசாங்கம் எங்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. அங்கே உயர்நிலைப் பள்ளி கிடையாது என்பதால் எட்டாம் வகுப்பிலேயே என்னைப் போர்ட் பிளேரில் விடுதியில் சேர்த்துவிட்டார் அப்பா. விடுதியில் வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், ராஞ்சிப் பெண்கள் எல்லாரும் ஹிந்தியில் பேசிக்கொள்வார்கள். என் ஹிந்தி படு மோசம். தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு என் தமிழே சிரிப்பு. என் பெயர் பாக்கியம். அங்கே எல்லாருக்கும் நான் ‘சிலோன்’. ஒன்றரை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

எங்கள் பள்ளியில் பாடம் போக நிறைய நடக்கும். நாடகம், கபடி, சுவர்ப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் ஒரு மன்றம். இவற்றில் பூகோள மன்றத்தை நடத்தியவர் தாஸ் சார் என்ற வங்காளி ஆசிரியர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். சனிக்கிழமைகளில் மழைமானி பார்ப்பது, கிளிஞ்சல் சேர்ப்பது, சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பைக் கடலோரம் நட்டு ஓதம், அதாவது கடல் மட்டம், எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று நோட்டில் எழுதுவது, இதுதான் வேலை. ஒரு தடவை 25 கிலோமீட்டர் பஸ்ஸில் வண்டூர் போய் அங்கேயும் கம்பு நட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இதிலெல்லாம் கடுகளவும் ஆர்வம் கிடையாது. நான் சேர்ந்த காரணம் வேறு. வருடக் கடைசியில் மன்றத்திலிருந்து பன்னிரண்டு பேரைக் கப்பலில் சுற்றுலா கூட்டிப்போவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போர்ட் பிளேர், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கச்சால், அங்கிருந்து நேராகத் திரும்பல். கச்சால் என்ற பெயரைப் படித்ததும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

நாலு மாதம் ஒரு வாரம்கூட விடாமல் ஓதம் அளந்தேன். காலை ஆறு மணிக்கு ஒன்று, நண்பகலில் ஒன்று. மழை கொட்டும்போது மற்றவர்கள் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். நான் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்பேன். கடைசியில் பன்னிரண்டு பேரில் என் பெயர் மூன்றாவதாக வந்தது.

உடனே தாஸ் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கார் நிக்கோபாரில் இறங்க மட்டும்தான் பள்ளிக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா அப்பா கிநாரே தக் ஆயேங்கே தோ, மெய்ன் குத் லே ஜாவூங்கா” என்றார். பெற்றவர்கள் கரைவரை வந்தால் நானே படகில் கூட்டிப்போய் அரை மணி நேரம் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருகிறேன் என்று அர்த்தம். அன்றே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். ‘கப்பல் வருகிற அன்றைக்குக் கரைக்கு வந்து நில்லுங்க.’ தேதி போட வழியில்லை. எந்தக் கப்பல் என்றைக்கு என்று முதல் நாள்தான் ரேடியோவில் சொல்வார்கள். தீவில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். சார் படகில் கூட்டி வருவார் என்பதை மட்டும் எழுதவில்லை. திடீரென்று போய் அம்மா முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை. கிளம்புவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே தபாலில் போட்டுவிட்டேன்.

பீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து பிற்பகல் 3.30க்குக் கப்பல் புறப்பட்டது. டெக் கட்டணம் மாணவர்களுக்கு ஒன்பது ரூபாய், சாப்பாடு தனி. டிசம்பரில் அங்கே ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும் என்பதால் கடல் பார்க்க வேண்டியவர்கள் ஏறியதும் பார்த்துவிட வேண்டும். மற்ற பதினொரு பேரும் அந்தாக்ஷரி பாடினார்கள். எனக்கு ஹிந்திப் பாட்டு தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன்.

கார் நிக்கோபார் சுமார் 270 கிலோமீட்டர். மறுநாள் காலை 8.40க்கு இறங்கினோம். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் எங்களைக் கால்பந்தில் ஆறு கோல் வித்தியாசத்தில் துவைத்து எடுத்தார்கள். பிறகு அவர்களே இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். தூண்களின் மேல் நிற்கும் வட்டக் குடிசைகளை வரைந்தோம், அவர்கள் ஓடத்தின் நீளத்தை அளந்தோம். அருமையான நாள் என்று எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். நானும் எழுதினேன். மனசு மட்டும் கச்சாலிலேயே இருந்தது.

அடுத்த நாள் கமோர்ட்டா. அதற்கும் அடுத்த நாள் காலை 8.35க்குக் கச்சாலுக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள். கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. படகில்தான் ஆளும் சரக்கும் போக வேண்டும், இருபது நிமிடம் பிடிக்கும். 11 மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். நான் விடிவதற்குள் எழுந்து, தலை பின்னி, விழாவுக்குப் போடும் பாவாடையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தேன்.

தாஸ் சார் தன் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். கரையில் இரண்டு நிக்கோபாரிகள், ஒரு போலீஸ்காரர், மூட்டை தூக்குகிற நாலைந்து பேர். அம்மாவைக் காணோம். அப்பாவைக் காணோம். தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கப்பல் சிப்பந்தி காசிம் அண்ணன், கீழக்கரைக்காரர், சரக்கை இறக்கிக்கொண்டே கேட்டார்.

“யாரத் தங்கச்சி தேடுறிய?”

“அம்மாவ. கடுதாசி போட்டிருந்தேண்ணே. பன்னண்டு நாளாச்சு.”

“எங்க போட்டிய? போர்ட் பிளேர்லயா?”

“ஆமா.”

அவர் கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். “மூணு வாரமா இந்தப் பக்கம் கப்பலே வரலியே தங்கச்சி. ஒங்க கடுதாசி இந்தா கெடக்கு” என்று படகில் இறங்கப் போகிற காக்கித் தபால் பையைக் காட்டினார்.

தீவில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். கடிதம் கப்பலில்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நான் ஏறப்போகிற கப்பலைத் தவிர வேறு கப்பல் இல்லை என்பதைத்தான் யோசிக்கவில்லை. என்னை விடுங்கள், சார் யோசிக்கவில்லை, விடுதி வார்டனும் யோசிக்கவில்லை. மற்ற பதினொரு பேரின் பெற்றோரும் போர்ட் பிளேரிலேயே இருந்தார்கள்.

வீடு கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர். ஓடினால்கூடப் போய்த் திரும்ப நேரம் போதாது. என்னை இறக்கி மட்டும் விடுங்கள், அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று சாரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் கண் கலங்கிவிட்டது. “பேட்டி, பாரா பச்சா லேகே ஆயா, பாரா லேகே ஜானா ஹை” என்றார். பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தேன், பன்னிரண்டு பேரையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். பிற்பாடு நானும் ஆசிரியை ஆனபிறகு அது போய்விட்டது.

அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. கடிதம் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும். அதில் தேதி இல்லை. அம்மா அடுத்த கப்பலுக்கு ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து கரையில் நிற்பாள், நான் வரமாட்டேன். ஓத நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘நான் இந்தக் கப்பலிலேயே வந்துட்டுப் போறேன். அடுத்த கப்பலுக்கு வராதீங்க’ என்று எழுதினேன். காசிம் அண்ணன் அதைப் படகுக்காரரிடம் கொடுத்து, தோட்ட ஆபீசில் சேர்க்கச் சொன்னார். தபால் பையும் அந்தத் தாளும் ஒரே படகில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக 11.05க்கு நங்கூரம் தூக்கினார்கள்.

அந்த ஆசிரியைக்கு என் யோசனைகள் இவைதான். நிக்கோபார் பழங்குடிப் பகுதி, நினைத்த மாத்திரத்தில் போய் இறங்க முடியாது. எந்தெந்தத் தீவில் இறங்க அனுமதி என்பதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் தேதி மாறும், கையில் மூன்று நாளாவது உபரி வேண்டும். வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்துப்போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற வழியில் எந்தப் பிள்ளையின் வீடாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அந்த வீட்டுக்கு நீங்களே தகவல் சொல்லுங்கள், பிள்ளையிடம் விட்டுவிடாதீர்கள். அருகில் இருந்தும் பார்க்க முடியாமல் போவது சாதாரணமான வேதனை இல்லை.

அடுத்த மே மாதம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். கடிதமும் தாளும் ஒரே சாயங்காலம் வந்து சேர்ந்தனவாம், அப்பா இரண்டையும் வாசித்துக் காட்டினாராம். அப்படியும் அடுத்த கப்பலுக்கு அம்மா கரைக்குப் போயிருக்கிறாள்.

“வராதீங்கன்னு எழுதியிருந்தேனேம்மா?”

“எழுதியிருந்த. அப்பா படிச்சாரு. நீ எந்த எடத்துல நின்னிருப்பன்னு பாக்கத்தான் போனேன்.” பிறகு அவளே சொன்னாள். “கப்பலு ரொம்பத் தூரத்துல நிக்குது பாக்கியம். நாங்க அன்னிக்கு வந்திருந்தாலும் ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்காது. அதை நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன்.”

சார் படகில் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. “ஆமாம்மா, தெரிஞ்சிருக்காது” என்றேன்.