இரண்டு பக்கமும் பறக்கத்

உம்மாவின் மூத்த சகோதரரான எங்கள் மாமா, எதற்கெடுத்தாலும் “ரெண்டு பக்கமும் பறக்கத்” என்பார். பறக்கத் என்றால் அல்லாஹ் தரும் விருத்தி. அறுவடை முடிந்த வயலில் மாட்டுக்காரரைப் பட்டி அடைக்கச் சொல்வார். மாட்டுக்கு மேய்ச்சல், மண்ணுக்கு எரு, ரெண்டு பக்கமும் பறக்கத். பெரியநீலாவணையிலிருந்து மீன் விற்க வரும் அம்மாவுக்கு நெல் அளந்து கொடுக்கும்போதும் அதே சொல்தான். கேட்டது இருவருக்கும் கிடைத்தது. அந்த மட்டில் சொல் பொருத்தமாகவே இருந்தது.

சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன மறுவருடம், அந்தச் சொல்லை என் கலியாணத்துக்கும் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டோடு கைக்கூலி என்று சீதனப் பணமும் கொடுக்க வேண்டும். வாப்பாவால் முடியாது. எங்கள் வீட்டில் காக்காவும் நானும்; அடுத்த தெருவிலும் அப்படியே ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி, அதே கஷ்டம். எங்கள் காக்கா அங்கே போவார், அவர்களுடைய காக்கா இங்கே வருவார். மாற்றுக் கலியாணம். யாருக்கும் கைக்கூலி இல்லை.

“என்ன புள்ள, சம்மதம்தானே?” என்று மாமா கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எனக்குப் பேசிய அந்த மாப்பிள்ளையோ, படித்தது போதும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். மாட்டேன் என்றால் காக்காவின் கலியாணமும் குலையும். அந்தப் பெண்ணின் பேச்செடுத்தாலே காக்கா வேலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. என்ன பதில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கலியாணமாகாத குமரின் மௌனம் சம்மதம் என்பது எங்கள் வழக்கு. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணே தட்டில் தொதல் இனிப்போடு வந்தாள். உம்மா தேத்தண்ணி போட உள்ளே போனதும் கேட்டாள்.

“நீங்க ஓம் எண்டீங்களா?”

“நான் ஒண்டும் சொல்லல்ல.”

“அதத்தான் நானும் நெனச்ச. எங்கட காக்காவோட நான் கதைக்கிறன். உங்கட காக்கா மட்டும் வரட்டும்.”

“கைக்கூலி?”

“அவர் கேக்கமாட்டார். கேட்டா எனக்கு அவர் வேணாம்.”

காக்கா கேட்கவில்லை. ஆனால் பேச்சை முறித்ததற்காக அவளுடைய வாப்பா நோன்பு மாதம் முழுவதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமாவுக்கும் மனவருத்தம்.

“இதுல நம்மட பக்கத்துக்கு என்ன பறக்கத்?” என்று உம்மாவிடம் கேட்டார்.

“ஒரு புள்ளக்கிக் கலியாணம், ஒரு புள்ளக்கிப் படிப்பு. போதாதா?” என்றார் உம்மா.

நிக்காஹ் அன்று சாட்சிகள் உள்ளறை வாசலுக்கு வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். மணப்பெண்கள் வாய் திறப்பதில்லை, தலையசைத்தால் போதும். காக்காவின் மணப்பெண்ணாக, எனக்கு மச்சியாக இருந்தவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். வெளியே பாயில் இருந்த ஆண்களுக்கும் கேட்கும்படி, “ஓம், எனக்குச் சம்மதம்” என்றாள்.